இட்டேரி முனைக் கம்பம்: 14 மாதம், 41 சாயங்காலம்

எடுத்துக்கொண்ட வேலை சின்னது. ஒரே ஒரு தெருவிளக்குக் கம்பம். அது நிற்கிற ஊரும் காடும் சேர்ந்து தெரிய வேண்டும், பார்க்கிறவர் ஒரு நிமிடமாவது நின்று பார்க்க வேண்டும். அப்படி ஒரு படம் எடுத்தால் போதும் என்று 2022 ஜூனில் ஆரம்பித்தேன். 2023 ஆகஸ்டில் நிறுத்தும்போது 41 சாயங்காலம் போயிருந்தது. எடுத்தது 2,300 படங்களுக்குக் கொஞ்சம் மேல். சுவரில் மாட்டலாம் என்று நானே ஒத்துக்கொள்வது மூன்று. எதற்காகப் போனேனோ அது அந்த மூன்றில் இல்லை. அதனால்தான் இதை விவரமாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கம்பமும் இடமும்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டை விட்டு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு ஊர். பெயர் வேண்டாம். நூறு, நூற்றிருபது வீடு இருக்கும். ஊர் முடிகிற இடத்தில் இட்டேரி ஆரம்பிக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் வேலி, நடுவில் மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண்தடம், அதுதான் இட்டேரி. இந்தப் பக்கம் வேலி என்றால் கிளுவை. வேலிக்கு அந்தாண்டை கொரங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் நிற்கிற மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடு மேய்ந்து வளர்கிற நிலம் இதுதான். மழையில்லாத மாதங்களில் எல்லாமே சாம்பலும் செம்மண்ணுமாகத் தெரியும். மேற்கே தூரத்தில் காற்றாலைகள். இருட்டியதும் அவற்றின் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும்.

இட்டேரி முனையில் நிற்பதுதான் நம் கம்பம். எட்டு மீட்டர் சிமெண்ட் கம்பம், மண்ணுக்குள் போனது போக மிச்சம் வெளியே. மேலே ஐந்து கம்பி ஓடுகிறது: மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், தெருவிளக்குக்கென்று தனியாக ஒன்று. இதுவே கடைசிக் கம்பம் என்பதால் கம்பிகளின் இழுவை எல்லாம் ஊர்ப்பக்கமாகத்தான். எதிர்ப்பக்கம் ஸ்டே கம்பி அடித்திருக்கிறார்கள், அப்படியும் கம்பம் ஊரைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அடியில் உட்காருவதற்குத் தோதாக ஒரு கல் பலகை. முப்பது தப்படி தள்ளி மாரியம்மன் கோயில்.

ஊருக்குள் இருபதுக்கு மேல் கம்பம் இருந்தும் இதை எடுத்ததற்கு ஒரே காரணம்: இதற்கு அப்புறம் விளக்கு கிடையாது. வெளிச்சம் எங்கே முடிகிறது என்பது படத்துக்குள்ளேயே தெரியும். டவுன் ரோட்டில் முப்பது மீட்டருக்கு ஒரு விளக்கு இருக்கும், ஒன்றின் வெளிச்சம் அடுத்ததின் மேல் விழுந்து எல்லாம் ஒரே சமமாகப் போய்விடும். அங்கே கம்பத்தின் வரிசையைப் படம் எடுக்கலாம், கம்பத்தை எடுக்க முடியாது.

முதல் நாளே கல் பலகையில் ஒரு ஆத்தா உட்கார்ந்திருந்தார். டிரைபாடை விரித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங் கண்ணு, லைட்டுக் கம்பத்தப் போட்டோப் புடிச்சு என்னத்தப் பண்ணுவ?” நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பேச்சு அப்படியே கரண்டு வந்த கதைக்குப் போனது. கோவை மில்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தது பைக்காரா; நீலகிரியில் அந்த நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது 1932இல். அப்புறம் கிணற்று மோட்டார்கள், அதற்கும் ரொம்ப நாள் கழித்துத்தான் ஊருக்குள் தெருவிளக்கு. ஆத்தா கல்யாணமாகி வந்தபோது இந்த முனையில் விளக்கே இல்லையாம். பொழுது போனால் இட்டேரிப் பக்கம் யாரும் போக மாட்டார்களாம்.

ஸ்விட்ச் போடுகிறவர்

தெருவிளக்குப் படத்துக்கு எந்த கேமரா, எந்த லென்ஸ் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னிடம் இருந்தது பழைய 24 மெகாபிக்சல் கேமரா ஒன்று, 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, அவ்வளவுதான். அதனால் நின்றுபோன வேலை எதுவும் இல்லை. வேலையை நிறுத்தியது நேரம்.

சூரியன் மறைந்த பின் வானம் உடனே கறுத்துவிடாது. நீலமாகி, அடர் நீலமாகி, அப்புறம்தான் கறுக்கும். அந்த நீலம் ஒரு கட்டத்தில் விளக்கு வெளிச்சத்துக்குச் சமமாக வரும். அப்போது எடுத்தால் வானமும் விழும், விளக்கடி மண்ணும் விழும். அதற்கு முன்னால் எடுத்தால் விளக்கு எரிகிறதா என்றே சந்தேகம் வரும். பின்னால் எடுத்தால் கறுப்புத் துணியில் ஒரு பொட்டு. ஐரோப்பியப் படங்களைப் பார்த்துவிட்டு இந்த நேரம் முக்கால் மணி, ஒரு மணி நீளும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நாம் இருப்பது 11 டிகிரி வடக்கில். சூரியன் இங்கே சரிந்து போகாது, நேராகக் கீழே இறங்கும். மறைந்து 22 நிமிடம் போல ஆனால் மசமசப்பும் மங்க ஆரம்பித்துவிடும். என் கணக்கில் சூரியன் மறைந்த பதினைந்தாவது நிமிடத்திலிருந்து இருபத்தைந்தாவது நிமிடம் வரை, ஆக மொத்தம் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் விளக்கு எரிய வேண்டுமே. இந்த ஊரில் அது தானாக எரிகிற விளக்கு அல்ல. தண்ணி டேங்க் ஆபரேட்டர் வந்து ஸ்விட்ச் போட்டால்தான் எரியும். பல கிராமங்களில் இதுதான் ஏற்பாடு: காலையில் தண்ணீர் திறந்து விடுகிறவரே சாயங்காலம் விளக்கையும் போடுவார். முதல் நான்கு தடவை போனபோது எனக்கு இது தெரியாது. 7.05க்கு வானம் அழகாக இருக்கும், விளக்கு எரியாது. 7.25க்கு எரியும், வானம் போயிருக்கும். ஐந்தாவது நாள் நேராகவே போய்க் கேட்டேன்.

“ஏனுங்கண்ணா, லைட்டு எத்தனை மணிக்குப் போடுவீங்க?”

“மணியெல்லாம் எங்கீங் தம்பி. பாலக் கறந்து சொசைட்டில ஊத்தீட்டு வந்து போடறதுதானுங்.”

ஆக என் படத்தின் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்பதை, தீர்மானித்தது அவர் வீட்டு எருமை. விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார், ஆனால் புரிந்துகொண்டார். நான் வருகிற நாளில் முதல் நாளே போன் பண்ணிச் சொல்வேன். அவர் ஸ்விட்ச் போட்டுவிட்டு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். பெரும்பாலும் நடந்தது. எருமை கன்று போட்ட அன்று ஊர் முழுக்க ஏழரை மணி வரை இருட்டு.

சோடியத்தோடு ஏழு மாதம்

அப்போது கம்பத்தில் இருந்தது 70 வாட்ஸ் சோடியம் விளக்கு. ஊருக்குள் மற்ற கம்பங்களில் நாலடி டியூப் லைட். முனையில் மட்டும் சோடியம். அந்த ஆரஞ்சுக்காகத்தான் நான் போனதே. நீல வானம், ஆரஞ்சு மண், நடுவில் கம்பம், அதுதான் மனதில் இருந்த படம்.

சோடியத்தோடு பழகப் பொறுமை வேண்டும். ஸ்விட்ச் போட்டதும் எரியாது. முதலில் மங்கலாக ஒரு வெளுப்பு, அப்புறம் மஞ்சள் ஏறி, முழு வெளிச்சத்துக்கு வர நாலைந்து நிமிடம். பத்து நிமிடத்தில் பாதி இதிலேயே போய்விடும். இன்னொரு தொல்லை: எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு நொடி கரண்டு போய் வந்தால் வீட்டு பல்பு மாதிரி உடனே பிடிக்காது. விளக்கு ஆறினால்தான் மறுபடி பிடிக்கும். செப்டம்பரில் ஒரு நாள் மேகமெல்லாம் பிரமாதமாக வந்து நின்ற நேரத்தில் கரண்டு கண் சிமிட்டியது. விளக்கு திரும்ப முழுசாக எரிந்தபோது நான் டிரைபாடை மடித்துக்கொண்டிருந்தேன்.

நிறத்தைப் பற்றி. சோடியம் விளக்கின் வண்ண வெப்பநிலை ஏறக்குறைய 2,100 கெல்வின் (எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம்). கேமராவை ஆட்டோ ஒயிட் பேலன்ஸில், அதாவது நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ள, விட்டால் அது ஆரஞ்சைக் குறை என்று எடுத்துக்கொண்டு வெளுக்கப் பார்க்கும், வானம் ஊதாவாகிவிடும். நான் 3,200 கெல்வினில் பூட்டி வைத்தேன். விளக்கு ஆரஞ்சாகவே நிற்கும், வானமும் நல்ல நீலம் பிடிக்கும். ஆனால் ஒன்றை எந்த ஒயிட் பேலன்ஸாலும் மீட்க முடியாது. சோடியம் வெளிச்சத்தில் மஞ்சளைச் சுற்றிய கொஞ்சம் நிறங்கள்தான் இருக்கின்றன. பச்சைச் சேலையும் நீலச் சேலையும் அங்கே ஒரே பழுப்பு. வெளிச்சத்தில் இல்லாத நிறம் படத்தில் எப்படி வரும்?

அளவு என்று கேட்டால், கடைசியில் நிலைத்தது எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐ.எஸ்.ஓ. 400 (கேமராவின் ஒளி உணர்வு), நான்கு விநாடி (ஷட்டர் திறந்திருக்கிற நேரம்). விளக்கின் தலை வெளுத்துப் போகும், போகட்டும். அது படத்தில் கொய்யாக்கொட்டை அளவுதான். அதைக் காப்பாற்றப் போனால் மண் கறுத்துவிடும். விளக்கடி மண்ணின் வட்டத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வைக்க வேண்டும் என்பது முதல் மாதம் முழுக்கத் தப்புப் பண்ணிக் கற்றுக்கொண்டது.

ஒருநாள் ஆட்டு மந்தை ஒன்று இட்டேரியிலிருந்து திரும்பி வந்தது. நான்கு விநாடி வைத்தால் ஆடெல்லாம் புகையாகிவிடும் என்று கேமராவைக் கையில் எடுத்து, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, விநாடியில் 250இல் ஒரு பங்கு வேகத்தில் தொடர்ச்சியாக அடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்துப் படத்தில் நாலு நிறம். ஒன்று ஆரஞ்சு, அடுத்தது பழுப்பு, அடுத்தது இருட்டு. கேமரா கெட்டுப்போனதோ என்று பயந்துபோனேன். விஷயம் வேறு. நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. ஷட்டர் அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் ஏறின நேரம் ஒரு படத்தில், இறங்கின நேரம் அடுத்த படத்தில் மாட்டும். விநாடியில் 100இல் ஒரு பங்கு அல்லது 50இல் ஒரு பங்கு வைத்தால் முழு ஏற்ற இறக்கமும் ஒரே படத்துக்குள் வந்துவிடும், நிறம் நிற்கும். தெருவிளக்கடியில் ஆட்களை எடுக்க நினைக்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டால் பாதித் தலைவலி போகும்.

மற்ற தப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் பாதுகாப்புக்கு என்று மாட்டியிருந்த ஃபில்டர் கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்து, படத்தின் எதிர் மூலையில் தலைகீழாக ஒரு பச்சைப் பொட்டாக விழுந்தது, கழற்றியதும் போய்விட்டது. எஃப் 16 வைத்தால் விளக்கிலிருந்து நட்சத்திரக் கதிர் வரும். என் லென்ஸின் துளையில் ஏழு இதழ், ஆகவே பதினான்கு கதிர். முதலில் மயங்கினேன். பத்துப் படம் பார்த்ததும் நகைக்கடை விளம்பரம் ஞாபகத்துக்கு வந்தது, விட்டுவிட்டேன். கம்பத்தின் சாய்வைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தினேன், கோயிலும் வீடுகளும் மறுபக்கம் சாய்ந்தன. சாய்ந்த கம்பம் சாய்ந்தே இருக்கட்டும் என்று அதையும் விட்டேன்.

ஆடிக்காற்று தனிக் கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்தப் பக்கம் சும்மா வராது, காற்றாலைகளை இங்கே கொண்டுவந்து நட்டதே அதனால்தான். டிரைபாடில் பையைக் கட்டித் தொங்கவிட்டேன், பை ஊஞ்சலாடி டிரைபாடையும் சேர்த்து ஆட்டியது. தரையில் தட்டுகிற மாதிரிக் கயிற்றை நீளமாக விட்டுக் கட்டிய பிறகுதான் நின்றது. ஜூலை, ஆகஸ்டில் எடுத்ததில் வெள்வேல மரமெல்லாம் பஞ்சாக இழுபட்டு, கம்பம் மட்டும் கம்பமாக நிற்கிற படம் ஒன்று உண்டு. மூன்றில் ஒன்று அது.

இடையில் ஒரு வேண்டாத யோசனையும் செய்தேன். ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் ஊதுலைகளையும் மேகமூட்டமான வெளிச்சத்தில், ஒரே கோணத்தில், நேர்முன்னாக எடுத்து வரிசையாக அடுக்கி வைத்தவர்கள். அதே மாதிரி ஊரின் கம்பங்களை எல்லாம் அடுக்கினால் என்ன என்று பகல் நேரத்தில் எடுத்தேன். ஒத்துவரவில்லை. அவர்கள் எடுத்தவற்றுக்குத் தனித்தனி உருவம் உண்டு. சிமெண்ட் கம்பங்கள் எல்லாம் ஒரே அச்சு. வித்தியாசமெல்லாம் அடியில் இருக்கிறது: ஒன்றில் மாடு கட்டின கயிற்றுத் தேய்மானம், ஒன்றில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஒன்றில் கொடிக்கம்பி கட்டித் துணி காய்கிறது. (மாடு கட்டுவது, துணி காயப்போடுவது இரண்டும் உயிருக்கு ஆபத்து. மழை நாளில் கம்பத்தையோ ஸ்டே கம்பியையோ தொடக் கூடாது, நானும் டிரைபாடைச் சாய்க்க மாட்டேன்.) அந்தப் பகல் படங்களில் கம்பத்தின் தலையை வெட்டிவிட்டு, இடுப்பளவுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கிறது. அது வேறு வேலை, இன்னொரு நாளைக்கு.

லேபில் நடந்தது

டிசம்பர் கடைசியில் சோடியம் படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்துப் பெரிய அளவில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். லேபின் பெயர் வேண்டாம். நல்லவர்கள், அதனால்தான் வினை. வாங்கிப் பிரித்தால் பன்னிரண்டிலும் விளக்கு வெள்ளை. மண் சாம்பல். வானம் கத்தரிப்பூ. ஆரஞ்சு என்று ஒரு நிறம் எங்கேயும் இல்லை.

போன் பண்ணினேன். போனை எடுத்தவர் பெருமையாகச் சொன்னார்: “ரொம்ப மஞ்சளடிச்சு இருந்துச்சுங் சார், கரெக்ஷன் போட்டு நல்லாப் பண்ணிக் குடுத்திருக்கறமுங்.”

என்ன பேசுவது? அவர் பார்வையில் அது சரி. கல்யாண ஆல்பத்தில் மஞ்சளடித்தால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? ஏழு மாத ஆரஞ்சு அந்த மெஷினுக்கு ஒரு கோளாறு, அவ்வளவுதான். பணம் போனது போனதுதான். அதற்குப் பிறகு செய்கிறது: ஃபைலை எஸ்.ஆர்.ஜி.பி. என்கிற பொதுவான நிற அமைப்பில் கொடுக்கிறேன், கவரின் மேலே ‘கரெக்ஷன் வேண்டாம்’ என்று எழுதுகிறேன், நேரில் ஒருமுறை சொல்கிறேன், முதலில் நாலங்குலத்தில் ஒரு துண்டு மட்டும் போட்டுப் பார்க்கிறேன். நாலும் செய்தால்தான் நிற்கிறது. மூன்று செய்த ஒரு தடவை நிற்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு வெள்ளைப் படத்தையும் எறியவில்லை. அடுத்த மாதமே அவற்றைப் பார்த்துச் சிரிக்க வேண்டி வந்தது.

வெள்ளை விளக்கு

2023 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம், பத்தொன்பதாவது தடவை. இட்டேரி முனையில் வண்டியை நிறுத்தும்போதே தெரிந்துவிட்டது. சோடியம் போய் 20 வாட்ஸ் எல்இடி வந்திருந்தது. ஊர் முழுக்க மாற்றியிருந்தார்கள். 2015இல் தேசிய அளவில் எல்இடி தெருவிளக்குத் திட்டம் தொடங்கியதிலிருந்தே நாடெங்கும் நடந்து வருகிற மாற்றம்தான், இந்த முனைக்கு எட்ட இத்தனை நாளாகியிருக்கிறது. எனக்கோ பாதிப் படத்தில் கதாநாயகனை மாற்றின மாதிரி இருந்தது.

புது விளக்கின் நிறம் 6,000 கெல்வினுக்குப் பக்கம் இருக்கும். நீல வானத்துக்கு எதிரே நீலம் கலந்த வெள்ளை. நிறத்தால் வந்த எதிர்ப்பு முழுதாகப் போய்விட்டது. வெளிச்சமும் சோடியம் மாதிரி நாலாபக்கமும் பரவவில்லை. நேரே கீழே விழுந்து, ஓரத்தில் கத்தரித்த மாதிரி முடிகிறது. கிளுவை வேலியில் முன்பு இலை இலையாகத் தெரிந்த மஞ்சள் எங்கேயோ போய்விட்டது. அடுத்த இரண்டு மாதம் ஏனோதானோ என்றுதான் போய்வந்தேன்.

கல் பலகையில் ஆத்தாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். பழைய விளக்கு நன்றாக இருந்ததே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அதுல பாம்பு கெடந்தாலும் கயிறு கெடந்தாலும் ஒண்ணாத்தான் தெரியும் சாமி. இதுல தடம் தெரியுது.”

அத்தோடு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

விளக்கோடு டைமரும் வந்திருந்தது. ஆபரேட்டருக்குச் சாயங்கால வேலையில் ஒன்று குறைந்தது, எனக்கு மிஸ்டு கால் நின்றது. டைமர் 6.30க்கு என்று வைத்திருந்தார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தப் பக்கம் நவம்பர் கடைசியில் 5.55 போலச் சூரியன் மறைகிறது, ஜூலையில் 6.45க்கு மேல். ஆக ஜூலையில் விளக்கு எரிய ஆரம்பித்த பிறகுதான் சூரியனே மறையும், என் பத்து நிமிடம் பத்திரமாக இருக்கும். நவம்பரில் 6.10க்கு ஆரம்பித்து 6.20க்கு அந்த நேரம் முடிந்துபோகும், விளக்கு எரிவது அதற்கும் பத்து நிமிடம் கழித்து. எருமையோடு பேசி முடிக்கலாம், டைமரோடு என்ன பேசுவது?

இரண்டு கம்பம்

ஏப்ரலில், பங்குனி முடிகிற நேரம், மாரியம்மன் நோம்பி (திருவிழா) சாட்டியிருந்தார்கள். கொங்கில் மாரியம்மன் நோம்பி என்றால் கம்பம் நடுவது உண்டு. மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டிக் கோயில் முன்னால் நட்டுவிடுவார்கள். அம்மனின் கணவனாகவே அதைக் கருதுவது வழக்கம். நோம்பி முடிகிற வரை பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள், ராத்திரியில் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடக்கும். கடைசி நாள் பிடுங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் கோயிலில் கம்பம் காவிரிக்குப் போவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். சின்ன ஊரில் கிணறுதான்.

இத்தனை மாதம் அந்த இடத்தில் நின்றும் எனக்கு இது உறைக்கவில்லை. ‘கம்பம்’ என்றே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், அந்த ஊருக்கு முதல் கம்பம் வேறு. அன்று போனபோது கோயில் முன்னால் மஞ்சள் கம்பம், முப்பது தப்படி பின்னால் சிமெண்ட் கம்பம். கேமராவில் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்.

6.30க்கு விளக்கு எரிந்தது. சூரியன் மறைந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். பெண்கள் ஈரச் சேலையோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார்கள். கோயில் பெரியவரிடமும், குடம் எடுத்து வந்த அக்காமார்களிடமும் கேட்டுவிட்டுத்தான் டிரைபாடை விரித்தேன். (முகம் அடையாளம் தெரியாத படமாக இருந்தால் சரி என்றார்கள். அது எனக்கும் தோதாகிவிட்டது.) முதலில் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன். மஞ்சள் கம்பத்தின் ஒரு கவட்டைக்குள் தெருவிளக்கின் தலை பொருந்துகிற மாதிரி குனிந்து, தள்ளி, அளந்து எடுத்தேன். பார்க்கிறவர்கள் “அட!” என்பார்கள். அந்த “அட”வுக்கு அப்புறம் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அழித்துவிட்டேன்.

அப்புறம் ஐந்தாறு தப்படி பின்னால் வந்து, இரண்டு கம்பமும் தள்ளித் தள்ளி, நடுவில் இடம் விட்டு நிற்கிற மாதிரி வைத்தேன். நேரம் 6.49. எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400, இரண்டு விநாடி. எல்இடி கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் என்பதால் விநாடி பாதியானது. ஒயிட் பேலன்ஸ் 4,500. தண்ணீர் ஊற்றுகிற கையும் குடமும் அசைவில் கரைந்திருக்கின்றன. கம்பத்தின் மேல் வழிகிற தண்ணீர் ஒரே பளபளப்பாக இருக்கிறது. ஊற்றிவிட்டு நிற்கிற ஒருத்தியின் முதுகும் ஈரக் கூந்தலும் மட்டும் அசையாமல் கூர்மை. வலது ஓரத்தில் சாய்ந்த சிமெண்ட் கம்பம், அதற்கு அடியில் கல் பலகை, அதில் ஆத்தா. அவருக்குப் பின்னால் வெளிச்சம் முடிந்து இட்டேரி கறுப்பாக ஆரம்பிக்கிறது. தூரத்தில் காற்றாலைச் சிவப்பு இரண்டு.

அந்தப் படத்தின் உயிர் மஞ்சள் நிறம். பூசின மஞ்சள், தண்ணீரில் கரைந்து மண்ணில் ஓடுகிற மஞ்சள், சேலைகளில் இரண்டு மஞ்சள், ஒன்று பச்சை. சோடியம் இருந்திருந்தால் இதில் ஒன்றும் இருந்திருக்காது. மஞ்சள் கம்பமும் சிமெண்ட் கம்பமும் மண்ணும் சேலையும் ஒரே ஆரஞ்சுக் குழம்பாகியிருக்கும். ஏழு மாதம் எந்த விளக்குக்காகப் போனேனோ அந்த விளக்கில் இந்தப் படம் இல்லை. எந்த விளக்கைப் பார்த்து முகம் சுளித்தேனோ அதில்தான் வந்தது. செல்போனிலும் அதே இடத்திலிருந்து ஒன்று எடுத்தேன். அதன் நைட் மோட் பல படங்களைச் சேர்த்து ஆத்தாவின் முகச்சுருக்கம் வரைக்கும் வெளிச்சமாக்கிக் காட்டிவிட்டது, இட்டேரியும் பகல் மாதிரி. வெளிச்சம் முடிகிற இடமே இல்லாமல் போனதால் அது வெறும் நோம்பிப் படமாகிவிட்டது.

மிச்சம்

மூன்றாவது படம் மே மாதத்தது. முதல் மழை பெய்த மறுநாள் விளக்கைச் சுற்றி ஈசல். கம்பத்தின் மேல் மூலையில் ஒரு புள்ளி ஆந்தை வந்து உட்கார்ந்து, இறங்கிப் பிடிப்பதும் ஏறி உட்காருவதுமாக இருந்தது. நான்கு விநாடியில் ஈசல் ஒவ்வொன்றும் ஒரு நூலாக விழுந்திருக்கிறது. ஆந்தை மட்டும் அசையாமல் இருந்த நான்கு விநாடி அது, வேறொன்றும் என் சாமர்த்தியம் இல்லை.

இதே காலத்தில் வேறு இடங்களிலும் கம்பங்கள் எடுத்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி விடுகிற நேரத்துச் சந்துகளில் கம்பத்தைவிடக் கேபிள் கட்டுதான் பெரிசு. கோத்தகிரி ரோட்டில் மஞ்சு இறங்கினால் எந்த விளக்கும் அழகுதான், அதனாலேயே எனக்கு அதில் ஆர்வம் குறைவு. எங்கேயும் இரண்டாவது தடவை போகவில்லை.

ஆகஸ்டில் கடைசியாகப் போனபோது நோம்பிப் படத்தின் பிரிண்டை, கரெக்ஷன் இல்லாமல் போட்டதை, எடுத்துக்கொண்டு போனேன். ஆத்தா படத்தில் தன்னைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். ஆபரேட்டர் பார்த்துவிட்டு, சோடியம் இருந்தபோது எடுத்ததெல்லாம் என்ன ஆனது என்று கேட்டார். அதைச் சொல்லிவிட்டு, நவம்பரிலும் வந்து எடுக்க ஆசைதான், ஆனால் டைமர் 6.30க்கு இருப்பதால் அந்த மாதம் எடுக்க வழியில்லை என்று சொன்னேன்.

அவர் டேங்க் அடியில் இருந்த பெட்டியைக் கையால் காட்டினார். “நவம்பர்ல பொழுது சீக்கிரம் போயிருதுன்னு ஊர்லயுந்தாஞ் சொல்றாங்க தம்பி. ஆறு மணிக்கு மாத்தி வெக்கறதுக்குத் தலைவர்கிட்டக் கேட்டிருக்கறனுங். சாவி எங்கிட்டத்தான் இருக்குது. மாத்துனா ஒரு மிஸ்டு கால் குடுக்கறனுங்.”